சில்லுக்கும் சொல்லுண்டு

அண்மையில் ஒரு நாள், கணினி ஆசிரியர் வாராமையால், பதினோராம் வகுப்பொன்றில் யாம் சென்றமர நேர்ந்தது. தமிழ்வழி பயிலும் மாணவர் அவர். 'இராம்' என்பது யாதென ஒருவனை வினவினோம். 'இராண்டம் ஆக்செசு மெமரி' என எழுத்துப் பிசகாது விரித்தான். 'நன்று. அது கணினியுள் என்ன பணி செய்கின்றது?' என்றோம். தலை கவிழ்ந்தான். அவனுக்கு அடுத்திருந்தவனும் பின்னிருந்தவனும் அவ்வாறே கவிழ்ந்தனர். மதிப்பெண்ணுக்குரிய விடை அனைவர்க்கும் தெரிந்திருந்தது. பொருள் ஒருவர்க்கும் தெரிந்திலது.

குறை அம் மாணவரிடம் இல்லை. ஒலியை விழுங்கச் சொல்லிப் பொருளை மறைத்து வைத்த கல்விமுறையின் குறையே அது.

ஆங்கிலக் குழந்தை கணினியின் உறுப்புகளை எவ்வாறு அறிகின்றது என எண்ணிப் பாருங்கள். 'ஆர்டுவேர்' என்பது கணினி தோன்றுதற்குப் பன்னூறாண்டுகள் முன்பே அவர்தம் ஊரில் வழங்கிய இரும்புக்கடைச் சொல். தாழ்ப்பாளும் ஆணியும் விற்கும் கடைக்குரிய அச்சொல்லையே கணினியின் கட்புலனாம் உறுப்புகளுக்கு வைத்தனர். 'சிப்பு' என்றால் மரத்தினின்றோ கல்லினின்றோ தெறித்த சிறு துண்டு. 'போர்ட்டு' என்றால் கலம் வந்தணையும் துறை. 1960-களில் உருவாக்கப்பட்ட கைக்கருவிக்கு, அதன் வடம் வால்போல் தோன்றியமையால், எலி என்று பெயரிட்டனர். ஆக, அவன் கற்பவை அறிவியற் சொற்களல்ல. வீட்டுச் சொற்கள், தெருச் சொற்கள். தமிழ்ப் பிள்ளைக்கோ அவை வெற்றொலிகள். முன்னவன் படியேறிச் செல்கின்றான். பின்னவன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கின்றான். பின்னர், 'தமிழ்வழி படித்தவன் அறிவு குறைந்தவன்' எனப் பழி வேறு!

அச்சொற்களுக்கு நிகரானவை நம்மிடம் இல்லையா? தேங்காய்ச் சில்லு அறியாத தமிழ்ப்பிள்ளை உண்டா? அச் சில்லே கணினிச் சில்லு. துறையும் பலகையும் தட்டும் நம் முன்றிலில் கிடப்பவையே. உறுப்புகளைத் தாங்கி ஒன்றோடொன்று இணைக்கும் பலகை தாய்ப்பலகை. அவற்றிடையே தரவு சென்றுவரும் வழி பாட்டை.

அன்று அவ் வகுப்பில் கரும்பலகையில் நான்கு பெயர்களை எழுதினோம். 'மின்னாற்றல் நின்றதும் அழிந்து போகும் நினைவகம் ஒன்றுண்டு. எழுதி அழித்து, மீண்டும் எழுதும் கற்பலகை போன்றது அது. நீங்கள் இராம் என்பது அதனையே. கணினியை அணைத்தாலும் எழுதியதைக் காத்து வைப்பது வன்தட்டு. அது சுவடிக் கட்டு. உருவாக்கும்போதே எழுதப்பட்டுப் பின் படிப்பதற்கே உரியதாய் நிற்பது படிப்பு நினைவகம், அது கல்வெட்டு. கணிக்கும் உறுப்பிற்கு மிக அண்மையில், அடிக்கடி வேண்டுவனவற்றை மட்டும் சிறிதளவாக வைத்திருப்பது பதுக்ககம். அது அம்மாவின் அஞ்சறைப்பெட்டி. கடுகுக்கு ஒவ்வொரு முறையும் மூட்டை அவிழ்க்க எவளும் உள்ளறைக்கு ஓடுவதில்லை' என்றோம்.

முதலில் தலை கவிழ்ந்தவனே எழுந்து, 'ஐயா, அப்படியானால் கற்பலகை பெரிதாக இருந்தால், ஒரே நேரத்தில் பல வேலைகளை விரித்து வைக்கலாமா?' என்றான். ஆம், நினைவகத்தின் அளவு ஏன் இன்றியமையாதது என்னும் பாடத்தை அவனே கண்டுகொண்டான்! பொருள் விளங்கியவன் வினாத் தொடுப்பான். நெட்டுருச் செய்தவன் விடை மட்டுமே ஒப்பிப்பான்.

'இஃது அறிவியலார் வேலை. புலவர்க்கு இங்கென்ன வேலை?' எனச் சிலர் நகைப்பர். அன்னார்க்கு இரண்டு செய்திகள். 1955-இல் பிரான்சு நாட்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் புதிய பொறிக்குப் பிரெஞ்சுப் பெயர் வேண்டி அணுகியது ஓர் இலத்தீன் பேராசிரியரை. சாக் பெரே என்னும் அப்பெருமகனார் தந்த 'ஒர்தினாத்தர்' என்னும் சொல்லே இன்றும் அந்நாட்டில் வழங்குகின்றது. நான்கு நூறாயிரத்திற்கும் குறைந்த மக்களே வாழும் ஐசுலாந்திலோ, சிகுர்டுர் நோர்தால் என்னும் இலக்கிய அறிஞர், எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்பவளைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் இணைத்துத் 'தேல்வா' எனப் பெயர் படைத்தார். நம்முள் ஒரு பெருநகரின் மக்கட்டொகைதானும் இல்லாத இனம் தன் சொல்லால் கணினியை அழைக்கின்றது. பல கோடியராகிய நாம் நாணுகின்றோம்!

எனினும், பிறரைச் சுட்டும் விரலை நம்மை நோக்கியும் மடக்க வேண்டும். நம் பக்கத்துக் குற்றம் சிறிதன்று. கணிப்பொறி, கணிப்பான், கணினி, கணனி என ஒரு பொறிக்கே எத்தனை பெயர்! எலிக்கருவிக்குச் சுட்டி, சுட்டெலி, சொடுக்கி என நூலுக்கொரு சொல். 'செயலி' என்பதைக் கணிக்கும் உறுப்பிற்கு முன்னர் வைத்தோம். இன்று கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்கும் அதுவே பெயர். 'செயலி சூடேறும்' என்றும் 'செயலியை நீக்குக' என்றும் அடுத்தடுத்துப் படிக்கும் தொடக்க மாணவன் என்ன செய்வான்? ஆங்கிலத்தின் பால் அவனைத் துரத்துபவர் அப்போது நாமே அல்லமா?

மக்கள் வாயில் மென்பொருட்கு நிலைத்துவிட்ட செயலியை அதற்கே விட்டுவிடுவோம். கணிக்கும் உறுப்பு மையச் செயலகமாகவே இருக்கட்டும். ஆணைகள் பிறக்கும் இடம் செயலகம் என்பது தமிழ்நாட்டார்க்குத் தெரிந்ததே. ஒருமைப்பாடு இயலாததன்று. மென்பொருளுக்கு ஒன்றாய்ச் சிதறிக் கிடந்த தமிழ் விசையடுக்குகளுக்கிடையே, 1999-இல் தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையைப் பொதுமையாக அறிவிக்கவில்லையா? உறுப்புப் பெயர்களுக்கும் அத்தகையதோர் ஒருமை வேண்டும். தன் சொல்லே நிற்க வேண்டும் என்னும் செருக்கைச் சொல்லாக்குநர் கைவிட வேண்டும். நல்ல சொல் முன்பே வழங்குமாயின், அதனினும் நல்ல சொல் நமக்குத் தோன்றினும், வழங்குவதையே தாங்குக. சொல் படைப்பதினும் சொல்லை வாழ வைப்பதே அரிய தொண்டு.

தமிழன்பர்களே! பொருளறியாது சொல்லாக்குதல் வீண். எனவே முதலில் ஒரு பழங்கணினியைத் திறந்து பாருங்கள். பழுதுநீக்கும் இளைஞனிடம் அமர்ந்து, ஒவ்வோர் உறுப்பும் செய்வதைக் கேட்டறியுங்கள். பின்னர் அவனுக்குத் தாய்ப்பலகை, நினைவகம், சில்லு என்னும் பெயர்களைக் கூறுங்கள். அவன் கைக்குத் தெரிந்ததற்கு நம் வாய் பெயர் தரட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு கிழமைக்கு ஓர் உறுப்பு என விளக்குங்கள். மேடையில் முழங்குவதினும் அது பயன் தரும்.

அம் மாணவன் ஆங்கிலமும் கற்கட்டும். அதனை யாம் தடுக்கவில்லை. ஆனால், அறிவு அவனுள் நுழையும் முதல் வாயில் அவன் தாய்மொழியாய் இருக்கட்டும். அவ்வாயிலை அடைத்துவிட்டு, அவன் வெளியே நிற்கின்றான் என்று இனியும் பழிக்க வேண்டா.