புது கார் வாங்கினால் 5%, பழைய காரை மாற்றினால் 18%. இது என்ன நியாயம்?



உங்க வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் காருக்கு 15 வயசு ஆகப் போகுதா? அப்போ ஆர்.சி. புதுப்பிக்கணும். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆக்கிவிட்டது மத்திய அரசு. "இதைக் காயலான் கடைக்குப் போடு, புது எலெக்ட்ரிக் கார் வாங்கு" என்று சொல்லாமல் சொல்கிறார்கள்.

வாங்கலாம். பணத்துக்கு எங்கே போறது?

இன்னொரு வழி இருக்கு. பாடியும் சஸ்பென்ஷனும் நல்லா இருக்கிற காரில் இன்ஜின், பெட்ரோல் டேங்க், சைலன்ஸர் மூன்றையும் கழற்றிவிட்டு, மோட்டாரும் கன்ட்ரோலரும் லித்தியம் பேட்டரியும் பொருத்துவது. இதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஏ.ஐ.எஸ். 123 விதிப்படி கிட் சோதனையில் தேறியிருக்கணும், அனுமதி பெற்றவர்தான் பொருத்தணும், ஆர்.சி.யிலும் மாற்றிப் பதியணும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காருக்கு, பெட்ரோல் 100 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 7 ரூபாய் செலவு. அதே கார் ஒரு யூனிட் கரண்டில் 6 கி.மீ. ஓடினாலே போதும். யூனிட் 10 ரூபாய்னு வச்சுக்கிட்டாலும் 2 ரூபாயைத் தாண்டாது.

"கரண்டும் நிலக்கரியில்தானே வருது?" என்று கேட்பார்கள். பாதி உண்மை. ஆனால் பெட்ரோல் இன்ஜின் எரிசக்தியில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்குது, மோட்டார் அப்படி வீணாக்காது. முப்பந்தல் காற்றாலையும் கமுதி சோலாரும் இருக்கிற ஊர் இது. காற்றிலும் வெயிலிலும் எடுக்கும் கரண்ட் கூடக்கூட, அந்தக் காரும் தானாகவே சுத்தமாகும்.

அப்புறம் ஏன் நடக்கலை? முதல் தடை விலை. மாற்றும் செலவே சில லட்சம் ஆகுது, அதில் பெரும்பங்கு பேட்டரிக்கு. ஷோரூமில் புது எலெக்ட்ரிக் கார் வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதே லித்தியம் பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். வசதி உள்ளவருக்குச் சலுகை, இருக்கிற வண்டியைக் காப்பாற்றப் பார்ப்பவருக்குச் சுமை!

நாம் கேட்பது இதுதான்:

✅ ஒப்புதல் பெற்ற கிட்டுக்கும் பேட்டரிக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி.

✅ புது எலெக்ட்ரிக் காருக்குக் கிடைக்கும் வட்டியிலேயே வங்கிக் கடன்.

✅ நம்ம மெக்கானிக் தம்பிகளுக்கு ஐ.டி.ஐ.களில் பயிற்சி, சான்றிதழ்.

மூன்றாவது கோரிக்கை சாதாரணமானதில்லை. காரின் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் தருவதே இன்ஜின்தான். அதை எடுத்துவிட்டு வேக்குவம் பம்ப் வைக்காமல் விட்டால், பிரேக் மிதிக்க முடியாமல் கல்லாகிவிடும். ஆகவே, ஒப்புதல் இல்லாத கிட்டை யார் மலிவாகத் தந்தாலும் வாங்காதீங்க.

ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய நிதியமைச்சர் மட்டுமில்லை, மாநில அமைச்சர்களும் உட்கார்ந்திருக்காங்க. இரண்டு பக்கமும் கேட்போம். உங்க தொகுதி எம்.பி., எம்.எல்.ஏ. பக்கத்தில் இன்றே இந்தக் கேள்வியைப் போடுங்க. பகிருங்க.

#பழைய_காருக்கும்_5_சதவீதம்