வாக்குப்பதிவு முடிந்தது, துப்பாக்கி திரும்பவில்லை

2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19-ஆம் தேதியே தமிழகம் வாக்களித்து முடித்துவிட்டது. விரலில் வைத்த மைகூட அழியத் தொடங்கியிருந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிகள் மட்டும் அப்போதும் காவல் நிலையங்களில் கிடந்தன. மார்ச் 16-இல் தேர்தல் அறிவிப்பு வந்த கையோடு வாங்கி வைத்தவை அவை. ஜூன் 4-இல் வாக்குகளை எண்ணி, அதன் பிறகும் ஒரு வாரம் கழித்துத்தான் கொடுப்போம் என்றார்கள். ஜூன் 1-இல் வாரணாசி வாக்களிக்கும்வரை தாளவாடி விவசாயி வெறுங்கையோடு காட்டோரத்தில் காவல் இருக்க வேண்டும் என்றது என்ன நியாயம்?

உரிமம் வைத்திருப்பவர்கள் அனைவரிடமும் ஆயுதத்தைப் பறிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அடங்கிய ஆய்வுக் குழு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்றே தேர்தல் ஆணையம் 2009-இல் வழிகாட்டியது. ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரங்களில் ஈடுபட்டவர் ஆகியோரிடம் வாங்கட்டும். யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை. பொத்தாம்பொதுவாக ஒப்படைக்கச் சொல்லக் கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றமும் அதே 2024 மார்ச்சில்தான் சொன்னது. இங்கோ குழு எதை ஆராய்ந்தது, யாரை ஏன் சந்தேகித்தது என்று ஒரு வரி விளக்கமும் வரவில்லை. காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வரும். துப்பாக்கியோடு போய் நிற்க வேண்டும்.

அந்தத் துப்பாக்கி யாருடையது? காட்டோர விவசாயியுடையது. மாவும் பலாவும் பழுக்கும் அந்தக் காலத்தில்தான் யானை ஊருக்குள் வருகிறது. மரவள்ளியையும் நிலக்கடலையையும் காட்டுப் பன்றி ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடும். விவசாயி விலங்கைக் கொல்லக் கேட்கவில்லை. வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டத்தான் கேட்கிறார். பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்பவருக்கு உரிமம் கொடுக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவே வழி செய்திருக்கிறது. சட்டம் கொடுத்ததை ஒரு தொலைபேசி அழைப்பு பிடுங்குகிறது. பயிர் போனால் இழப்பீட்டுக்கு மனுப் போடலாம் என்கிறார்கள். அந்த மனுவும் அரசு அலுவலகங்களுக்குத்தான் போக வேண்டும்.

2019-இலும் இதே கதைதான். ஏப்ரல் 18-இல் வாக்களித்தோம். மே 23-இல்தான் எண்ணினார்கள். அன்று துப்பாக்கிகளைப் பூட்டி வைத்தவர்களால் வேலூரில் ஓடிய பணத்தைப் பூட்ட முடிந்ததா? அங்கு தேர்தலையே ரத்து செய்து ஆகஸ்ட்டில் நடத்தினார்கள். 2016-இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017-இல் ஆர்.கே. நகரும் பண விநியோகத்தால்தான் தேர்தலை இழந்தன. எந்த விவசாயியின் இரட்டைக்குழல் துப்பாக்கியாலும் அல்ல. பணத்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில் கோட்டை விட்டவர்கள், கணக்கில் இருக்கும் துப்பாக்கியைப் பிடித்துச் சாதனைப் பட்டியல் வாசிக்கிறார்கள். கணக்கில் இல்லாத கள்ளத் துப்பாக்கி ஒப்படைப்புக்கு வரிசையில் வந்து நிற்காது. இது தெரிந்தும் 2019 டிசம்பரில், முறையாக உரிமம் பெற்றவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை நாடாளுமன்றம் இரண்டாகக் குறைத்தது. எளிதில் அகப்படுபவன்மேல்தான் எப்போதும் கை நீள்கிறது.

இந்த மனோபாவம் நேற்று வந்ததல்ல. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியனுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியனுக்கு வேண்டாம் என்றது. அந்த அவமானத்துக்குப் பதிலாகத்தான் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1931 கராச்சி காங்கிரஸ் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் காமத் அதற்காகத் திருத்தம் கொண்டுவந்தார், அது தோற்றது. அரசமைப்பு அந்த உரிமையைத் தரவில்லை என்பது உண்மையே. ஆனால், குடிமகனைச் சந்தேகத்துக்குரியவனாகவே நடத்தும் அதிகாரத்தையும் அது யாருக்கும் தரவில்லை.

காவல்துறை விசாரித்து, ஆட்சியர் கையெழுத்திட்டு, அரசே கொடுத்த உரிமம் அது. அதை வைத்திருப்பவர் நம்பத் தகுந்தவர் இல்லை என்றால், நற்சான்று கொடுத்தவர்களையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும். வாக்களிக்கும் அளவுக்கு நம்பப்பட்டவரைத் தன் தோட்டத்தைக் காக்கும் அளவுக்கு நம்ப மறுப்பது ஆணவம். தேர்தல் வந்தால் பொத்தாம்பொதுவாகத் துப்பாக்கியை வாங்கி வைக்கும் இந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டியாக வேண்டும். அதுவரை, வாக்களித்து முடித்த மாநிலத்தின் துப்பாக்கிகளையாவது உடனே உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள்.