பல்லும் சொல்லும்

பல்லையும் சொல்லையும் இணைத்துப் பேசுவது நம் முன்னோர் வழக்கம். ஆலையும் வேலையும் போற்றும் அந்த முதுமொழி, குண்டசாலையில் என் அயல் வீட்டுச் சிறுவனின் செவியை என்றும் எட்டியதில்லை. பிறவியிலேயே கேட்கும் திறன் அற்றவன் அவன், வயது எட்டு.

ஒரு நாள் அவன் சோற்றைத் தள்ளிவிட்டு அழுதான். வீட்டார் அதனைப் பிடிவாதம் என்று எண்ணினர். மூன்றாம் நாள் கன்னம் வீங்கிய பின்னரே, கடைவாய்ப் பல் சொத்தையாகிச் சீழ் கட்டியிருந்தது தெரிந்தது. பல் துலக்கும்படி அவன் கையைப் பிடித்து இழுத்தவர் உண்டு. ஏன் துலக்க வேண்டும் என்று உணர்த்தியவர் இல்லை. வலியைச் சொல்ல ஒரு சைகையைக்கூட எவரும் அவனுக்குக் கற்பித்திருக்கவில்லை. இக்குறை அவன் செவியினுடையதன்று. நம் போதனையினுடையது என்பேன்.

செவிப்புலனற்றோர் கல்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1912 இல் தொடங்கப்பட்ட பாடசாலை இன்றும் இரத்மலானையில் நடைபெறுகிறது. வடக்கே கைதடியில் நுபீல்ட் பாடசாலை உண்டு. ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் அவற்றைச் சென்றடைவதில்லை. ஊர்ப் பாடசாலையின் கடைசி வாங்கில் அமர்ந்து, ஆசிரியரின் உதட்டையே பார்த்திருப்போரும் உளர்.

உதட்டசைவே போதும் என்பாரை ஒன்று வேண்டுகிறேன். கண்ணாடி முன் நின்று, குரலெழுப்பாமல், "பாடு" என்றும் "மாடு" என்றும் சொல்லிப் பாருங்கள். உதடுகள் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். பல் வைத்தியர் முகமூடி அணிந்துவிட்டால் அந்த உதடும் மறைந்துவிடும். 1880 இல் மிலான் நகரில் கூடிய மாநாடு சைகையை ஒதுக்கி வாய்மொழியை உயர்த்தியது. 2010 இல் வன்கூவர் மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள்!

ஆசிரியப் பெருமக்களே, கேட்கும் பிள்ளை பிரஷைப் பார்த்துக்கொண்டே உங்கள் விளக்கத்தையும் கேட்கும். கேளாப் பிள்ளைக்கோ இரு வேலைக்கும் கண் ஒன்றே கருவி. ஆதலால் முதலில் சைகையால் சொல்லுங்கள், நிறுத்துங்கள், பின்னர் பெரிய பல் மாதிரியில் செய்து காட்டுங்கள், அதன்பின் பிள்ளை கண்ணாடி பார்த்துச் செய்யட்டும். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி நில்லுங்கள். கரும்பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள். துலக்க வேண்டிய இரண்டு நிமிடத்தை மணற்கடிகை காட்டும். பல்லில் படிந்த அழுக்கைச் சிவப்பாக்கிக் காட்டும் சாயம், நீண்ட சொற்பொழிவைவிடத் தெளிவாக உணர்த்தும். கிருமி இனிப்பை உண்பதும், அமிலத்தை உண்டாக்குவதும், அவ்வமிலம் பல்லின் மிளிரியை அரிப்பதும் மூன்று படங்களில் அடங்கும். காரணம் அறிந்த பிள்ளை, பார்ப்பவர் இல்லாதபோதும் பல் துலக்கும்.

குண்டசாலையிலிருந்து கண்டியைக் கடந்தால் பேராதனை. அங்கே பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடம் இருக்கிறது. அங்கு பயிலும் மாணவரும், நம் ஊர் ஆசிரியரும், பெற்றோரும் சில சைகைகளையேனும் கற்றல் வேண்டும். "எங்கே வலிக்கிறது?" என்பது அவற்றுள் முதலாவதாகட்டும். அந்தக் கேள்வியைக் கையால் கேட்கத் தெரிந்த ஒருவர் அயல் வீட்டில் இருந்திருந்தால், அச்சிறுவன் மூன்று நாள் துடித்திருக்க மாட்டான். அந்த அயல் வீடு என்னுடையதே என்பதையும் நான் மறக்கவில்லை.