குழாய்த் தண்ணீர் திரும்பி ஓடுமா?

குழாயில் தண்ணீர் எப்போதும் முன்னோக்கியே ஓடும் என்றுதான் நாம் நம்பிக் கொண்டிருக்கிறோம். ஆனால், குழாயினுள் அழுத்தம் குறைந்துவிட்டால், வெளியே விட்ட தண்ணீரையே அது திரும்ப உறிஞ்சிக் கொள்ளும். அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ, அதுவும் கூடவே வந்து சேரும்.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் இப்படித்தான் நடந்தது. ஹோலி குரொஸ் கல்லூரியின் விளையாட்டு அணியில் ஏறத்தாழ 90 பேரைச் செங்கண்மாரி பீடித்தது. அருகில் ஏற்பட்ட தீயை அணைக்கத் தண்ணீர் இழுக்கப்பட்டபோது, மைதானக் குழாயில் அழுத்தம் விழுந்தது. புல்லுக்கு நீர் தெளிக்கும் குழிகளில் தேங்கிக் கிடந்த அசுத்த நீர், வீரர்கள் குடித்த குழாய்க்குள் ஏறிவிட்டது. இரண்டு போட்டிகளுடன் அவ்வாண்டு ஆட்டமே நின்று போனது.

நமது கற்பிட்டி, ஏத்தாளை, நுரைச்சோலைப் பக்கங்களில் இந்த ஆபத்து வேறு உருவில் இருக்கிறது. இங்கே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைக்கும் கிணறே பல வீடுகளில் குடிநீர்க் கிணறாகவும் இருக்கிறது. கிருமிநாசினி கரைக்கும் பீப்பாயில் இறப்பர் குழாயின் நுனி அமிழ்ந்து கிடக்கும்போது மோட்டர் நின்றால், குழாயிலுள்ள தண்ணீர் கிணற்றை நோக்கி இறங்கும். பீப்பாயில் உள்ளதையும் இழுத்துச் செல்லும். கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர, நஞ்சு போகாது.

இதைத் தடுப்பது கிணற்றுக்குள் இருக்கும் புட் வால்வ். ஆனால் நம் மணலில் ஒரு சிறு மணி சிக்கினாலும் அது சரியாக மூடாது. ஆகவே மாதம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மோட்டரை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறவுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நின்றால் நல்லது. இறங்கியிருந்தால் வால்வோ, உறிஞ்சு குழாயின் பொருத்தோ கசிகிறது. வால்வைக் கழற்றிக் கழுவி, தேய்ந்த வாஷரை மாற்றச் சொல்லுங்கள்.

நீர் வழங்கல் சபையின் இணைப்பு உள்ள வீடுகளில், கிணற்று மோட்டரின் குழாயைச் சபையின் குழாயோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது. பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வ் பூட்டியிருந்தால், அதற்கு முன்னுள்ள அடைப்பானை மூடி, இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு குழாயைத் திறந்து பாருங்கள். சற்று வடிந்து நின்றுவிட வேண்டும். தொடர்ந்து வந்தால் வால்வ் கெட்டுவிட்டது. பல நாடுகளில் பெரிய கட்டிடங்களின் இத்தகைய வால்வுகளை ஆண்டுதோறும் சோதிக்கச் சட்டமே இருக்கிறது.

எந்த வால்வையும் விட நம்பகமானது வெறும் காற்று இடைவெளிதான். தண்ணீர்த் தாங்கியானாலும், பள்ளிவாசல் ஹவுழானாலும், நிரப்பும் குழாயின் வாய், நீர் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். குழாயின் விட்டத்தைப் போல் இரு மடங்கு உயரம் தேவை. அரை அங்குலக் குழாய்க்கு ஓர் அங்குலம்.

இன்று மாலையே வீட்டைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். வாளிக்குள்ளோ, பீப்பாய்க்குள்ளோ குழாய் நுனி கிடந்தால் வெளியே எடுத்துத் தொங்க விடுங்கள். செலவில்லாத வேலை; காப்பாற்றுவதோ முழுக் குடும்பத்தையும்!