முதலில் பிரேக், பிறகுதான் எஞ்சின்!



பழைய கார் ஒன்றை மலிவாக வாங்கி, அதையே பந்தயக் காராக மாற்ற வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறார். கையில் பணம் குறைவு. அவர் முதலில் எதற்குச் செலவிட வேண்டும்? இந்தக் கேள்வியை உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர், "பெரிய எஞ்சின் வாங்க வேண்டும்" என்பார்கள். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இது தவறான வரிசை என்பது என் கருத்து. முதலில் பிரேக், அடுத்து எடை, கடைசியில்தான் எஞ்சின். ஏன் என்று பார்ப்போமா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு இருந்தது. புதிய கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிவிட்டது. இளைஞர்களுக்கு எட்டும் விலையில் கிடைத்தது 'ஆஸ்டின் செவன்' என்ற பழைய சிறு கார்தான். 1922 முதல் 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் செய்யப்பட்டதால் உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை. அதன் எஞ்சின் வெறும் 747 கன சென்டிமீட்டர். தொடக்க காலத் திறன் சுமார் 10 குதிரைத் திறன். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் பல இதைவிடத் திறன் மிக்கவை!

கட்டுமானப் பொறியியல் படித்த காலின் சாப்மன் என்ற இளைஞர் 1948-ல் இத்தகைய கார் ஒன்றை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பணிமனையாக இருந்தது, பிற்காலத்தில் அவர் மணந்த பெண்ணின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டகை. பழைய உடற்பகுதியைக் கழற்றிவிட்டு, அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டால் புதியதொன்றைச் செய்தார். அது வெறும் மூடியாக இல்லாமல், வளைந்து கொடுக்கும் அடிச்சட்டத்தை விறைப்பாக்கும் வேலையையும் செய்தது. ஒரே பொருள், இரண்டு பயன்! செலவில்லாமல் எடை குறைப்பதற்கு இதைவிட நல்ல வழி எது?

எஞ்சினிலும் அவர் தம் அறிவைக் காட்டினார். ஆஸ்டின் செவன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஆனால் கலவை நுழையும் வாயில்கள் இரண்டே. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே வாயிலைப் பங்கிட்டுக்கொண்டு, அடுத்தடுத்து உறிஞ்சும். அதனால் ஒன்றின் பங்கை மற்றது பறித்துக்கொள்ளும். 1951-ல் தாம் செய்த மூன்றாவது காரில் சாப்மன் ஒவ்வொரு வாயிலின் நடுவிலும் ஒரு தடுப்பை வைத்து, சிலிண்டருக்கு ஒன்றாக வழியைப் பிரித்துவிட்டார். அந்தக் கார் போட்டிகளில் மற்றவற்றை மிஞ்சி ஓடியது. குறைந்த செலவில் பந்தயம் நடத்துவதற்கென ஏற்பட்ட அந்தப் போட்டியின் விதிகளையே பின்னர் மாற்றி, இந்த உத்தியைத் தடை செய்ய வேண்டியதாயிற்று! 1952-ல் அவர் தொடங்கிய லோட்டஸ் நிறுவனத்தின் கார்கள் பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஏழு முறை உலகப் பட்டம் வென்றன.

இனி கணக்குக்கு வருவோம். 1000 கிலோ எடையும் 80 குதிரைத் திறனும் உள்ள கார் ஒன்று. 500 கிலோ எடையும் 40 குதிரைத் திறனும் உள்ள கார் மற்றொன்று. இரண்டிலும் ஒரு குதிரைத் திறனுக்கு 12.5 கிலோதான் சுமை. ஆகவே புறப்படும் விரைவில் பெரிய வேறுபாடு இராது. ஆனால் ஒரே வேகத்தில் சென்று நிற்கும்போது, கனமான காரின் பிரேக்குகள் இரு மடங்கு ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். வளைவில் திரும்பும்போது அதன் டயர்கள் இரு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். பெரிய எஞ்சின் வைத்தால் கனமான சட்டம் வேண்டும், கனமான வில்கள் வேண்டும், பெரிய பிரேக்குகள் வேண்டும். செலவு ஒன்றோடு நிற்பதில்லை. வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த செலவு வருகிறது!

வேகத்தின் கதை இதைவிடக் கடுமையானது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 500 கிலோ காருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 69,000 ஜூல் ஆற்றல் உண்டு. 120 கிலோமீட்டரில் அது 2,78,000 ஜூல்! வேகம் இரு மடங்கு. ஆற்றலோ நான்கு மடங்கு. ஆஸ்டின் செவனின் ஆரம்பக் கார்களில் கால் பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடித்தது. முன்சக்கரங்களுக்குக் கைப்பிடியை இழுக்க வேண்டும். அப்படிப்பட்ட காரில் எஞ்சினை மட்டும் வலுவாக்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எடையைக் குறைத்துக்கொண்டே போகலாமா? கூடாது. 1969-ல் லோட்டஸ் ஓட்டிய யோகன் ரிண்ட், பின்பக்க இறக்கை முறிந்து விபத்துக்குள்ளானார். பலவீனமான பாகங்களை வலுப்படுத்துமாறு அவர் சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். 1970 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில் அவருடைய காரின் முன் பிரேக் தண்டு முறிந்தது. கார் தடுப்பு வேலியில் மோதி அவர் உயிரிழந்தார். வேலி சரியாக அமைக்கப்படாததும் சாவுக்குக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த ஆண்டின் உலகப் பட்டம் இறந்துபோன அவருக்கே சென்றது. தேவையற்ற ஒரு கிலோவைக் களைவது அறிவு. ஓட்டுபவரைக் காக்கும் ஒரு கிலோவைக் களைவது அறிவாகாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது கணக்கும் சோதனையுமே.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, பொம்மைக் கார் ஒன்றை உருட்டி விடுங்கள். கீழே சாக்குத் துணி விரித்து, கார் எவ்வளவு தூரம் சென்று நிற்கிறது என்று அளந்து குறியுங்கள். பிறகு காரை நான்கு மடங்கு உயரத்திலிருந்து விடுங்கள். அடியில் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். நிற்கும் தூரம் எத்தனை மடங்காகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். அடுத்து, காரின் மீது சிறு சுமையை வைத்துப் பாருங்கள்.

பணம் குறைவாக இருப்பது பொறியியலுக்குத் தடையல்ல. பணம் குறைந்தால் சிந்தனை கூட வேண்டும், அவ்வளவே. எந்த எந்திரத்தைக் கண்டாலும், "இது எவ்வளவு வேகமாக ஓடும்?" என்று கேட்பதற்கு முன், "இது எப்படி நிற்கும்?" என்று கேட்டுப் பழகுங்கள். நாளைய பொறியாளருக்கு வேண்டிய முதல் பழக்கம் அதுதான்.