வாசலை மறிக்கும் வண்டிகள்



வீட்டு வாசலை மறித்து வண்டி நிறுத்துவோர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை முழுக்க உண்மை. சிவகாசியில் ஆடிப்பெருக்குக்குப் பட்டாசு விற்பனை சூடுபிடித்தால், தீபாவளி முடியும்வரை எங்கள் தெருவில் இதே பாடுதான். பார்சல் ஆபீசுக்கு வரும் மினி லாரிகளும், வெளியூர்க் கார்களும் கேட்டை ஒட்டியே நிற்கின்றன. சென்ற ஆண்டு மூச்சுத்திணறிய என் தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காரை வெளியே எடுக்க முடியவில்லை. லாரி டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். ஆட்டோ பிடித்துத்தான் போனோம்.

கேட்டால், "நோ பார்க்கிங் போர்டு இல்லையே" என்கிறார்கள். போர்டே தேவையில்லை. நுழைவாயிலை மறிக்கக்கூடாது என்பது 1989ஆம் ஆண்டு சாலை விதிகளிலும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2017 விதிகளிலும் உண்டு. 2019 சட்டத் திருத்தப்படி பொதுவான விதிமீறலுக்கு முதல்முறை 500 ரூபாய், அடுத்தமுறை 1,500 ரூபாய் வரை அபராதம். வசூலித்து நான் பார்த்ததில்லை. (வாறுகாலைத் தாண்டி ரோட்டில் சாய்தளம் போட்டு, கல்லை நட்டு இடம்பிடிக்கும் வீட்டுக்காரர்களையும் விடக்கூடாது.)

வெடிமருந்து புழங்கும் ஊரில், தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத தெருக்கள் இருப்பது ஆபத்து. 2021இல் மாநகராட்சியான சிவகாசியில், சீசன் முடியும்வரை சரக்கு வண்டிகளுக்கு ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்துமிடம் ஒதுக்க வேண்டும். சரக்கு ஏற்றி இறக்கச் சொந்த இடம் இல்லாத பார்சல் ஆபீசுகளைக் குடியிருப்புத் தெருக்களில் அனுமதிக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிவகாசி