பன்னிரண்டு நிறங்களும் ஒரு கனிமமும்

‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்னும் தொடர் புத்தக உலகத்துக்கு உரியது. இத்தனை படிகளே அச்சாகும் எனப் பதிப்பாளர் முன்கூட்டியே அறிவிப்பார். வாசகர் பெறும் படியில் அதன் வரிசை எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். ஒப்பனைத் தொழில் அத்தொடரைக் கடன் பெற்றபோது எண்ணை மட்டும் விட்டுவிட்டது. சென்ற மாதம் நான் வாங்கிய ஐஷேடோ பேலட்டின் பெட்டியில் ‘லிமிடெட் எடிஷன்’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். எத்தனை பேலட்டுகள் செய்யப்பட்டன என்ற குறிப்பு எங்கும் இல்லை. எண்ணிக்கை சொல்லப்படாத வரம்பு, வாங்குபவரை அவசரப்படுத்துவதற்கு மட்டுமே பயன்படும்.

ஒப்பனையைப் பற்றி எழுதுவது ஆய்வாளருக்குத் தகுமா எனக் கேட்கும் நண்பர்கள் உண்டு. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் முகத்தில் பூசிக்கொள்ளும் ஒரு பொருளின் வேதியியலும் பொருளியலும் ஆய்வுக்குரியவை அல்ல என்றால் வேறெவை ஆய்வுக்குரியவை என்பதே அவர்களுக்கு என் பதில்.

பத்து நாள்கள் அந்தப் பேலட்டை முறையாகப் பயன்படுத்திப் பார்த்தேன். பன்னிரண்டு நிறங்களில் ஐந்து மினுமினுப்பற்ற மேட் வகை. ஏழு ஷிம்மர் வகை. மேட் நிறங்களில் வெளிர் பீச், இளஞ்சிவப்பு ஆகிய இரண்டும் என் மாநிறத் தோலில் சாம்பல் பூத்தாற்போலத் தெரிந்தன. வெண்மையான அடிப்பொடி மிகுதியாகச் சேர்த்த நிறங்கள் வெளிர்ந்த தோலையே மனத்தில் கொண்டு உருவாக்கப்படுபவை. இந்தியச் சந்தையில் விற்கும்போதும் அந்தக் கணக்கு மாறுவதில்லை. ஷிம்மர் நிறங்களோ சிறப்பாக இருந்தன. தூரிகையைக் காட்டிலும் விரல் நுனியால் ஒற்றியபோது செம்பும் வெண்கலமும் இமையில் நன்கு படிந்தன. மயிற்கழுத்து நிறம் ஒன்று, தலையைத் திருப்புந்தோறும் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியது. பேலட்டின் விலைக்கு நியாயம் செய்தது அந்த ஒளிர்வுதான்.

அந்த ஒளிர்வு எங்கிருந்து வருகிறது? தமிழில் காக்காப்பொன் என்றும் சித்த மருத்துவத்தில் அப்பிரகம் என்றும் அறியப்படும் மைக்காவிலிருந்து. மைக்காவின் மெல்லிய செதில்கள்மீது டைட்டானியம் டை ஆக்சைடைப் படலமாகப் பூசுகிறார்கள். படலம் ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிப்பில் இருந்தால் வெள்ளி நிறம். சற்றுத் தடித்தால் பொன். மேலும் தடிக்கத் தடிக்கச் செம்மை, நீலம், பச்சை. சாயம் எதுவுமின்றி, ஒளியலைகளின் குறுக்கீட்டு விளைவால் மட்டுமே இந்நிறங்கள் தோன்றுகின்றன. பெட்டியின் பின்புறம் ‘சி.ஐ. 77019’ என்ற எண்ணாக அந்தக் கனிமம் இடம்பெற்றிருந்தது. எந்த மாவட்டத்து மண்ணிலிருந்து வந்தது என்பது இடம்பெறவில்லை.

தில்லியிலிருந்து ஹவுராவுக்குச் செல்லும் ரயில்கள் பலவும் கடந்துபோகும் ஊர் கோடர்மா. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடீ மாவட்டங்களும் பீகாரின் நவாதா மாவட்டமும் சேர்ந்ததே இந்தியாவின் புகழ்பெற்ற மைக்கா வட்டாரம். வானொலி வால்வுகளும் மின்தேக்கிகளும் மைக்காவை நம்பியிருந்த காலத்தில் அது செழித்தது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டுப் பகுதியின் குத்தகைகள் புதுப்பிக்கப்படாமல் போயின, சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் மண்ணில் எஞ்சிய துண்டுகளைப் பொறுக்கும் வேலை நிற்கவில்லை. அத்துண்டுகளை அங்கே ‘டிப்ரா’ என்கிறார்கள். குடும்பம் குடும்பமாக எலிவளை போன்ற குழிகளில் இறங்கி அதைச் சேகரித்து இடைத்தரகர்களுக்கு விற்கிறார்கள்.

2016இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், இரண்டே மாதங்களில் ஏழு குழந்தைகள் இக்குழிகளில் இறந்ததையும் அவ்விறப்புகள் மறைக்கப்பட்டதையும் வெளிப்படுத்தினர். அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டம், 18 வயது நிறையாத எவரையும் சுரங்கத்தில் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்கிறது. ஆவணத்தில் சுரங்கமே இல்லாத இடத்தில் எந்த ஆய்வாளர் போய்ச் சோதிப்பார்? சட்டவிரோதக் குழி சரிந்து மகன் இறந்தால், வழக்குக்கு அஞ்சும் தந்தை எங்கே போய் முறையிடுவார்?

இதற்கு எளிய விடையாக முன்வைக்கப்படுவது புறக்கணிப்பு: இயற்கை மைக்காவை விலக்கிவிட்டு, உலையில் உருவாக்கப்படும் செயற்கை மைக்காவுக்கு மாறுவது. சில நிறுவனங்கள் அவ்வாறு மாறியுமிருக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. மைக்கா வாகனப் பூச்சுக்கும் மின்காப்புக்கும் பயன்படுகிறது. ஒப்பனைத் தொழில் விலகிக்கொண்டால் குழிகள் மூடப்படா. வாங்குவோர் குறைந்து, டிப்ராவுக்குக் கிடைக்கும் சொற்ப விலை மேலும் சரியும். விலை சரிந்தால் அதே வருவாய்க்கு இன்னும் இரண்டு கைகள் தேவைப்படும். அவை பெரும்பாலும் சிறுவரின் கைகளாகவே இருக்கும். ‘எங்கள் பொருளில் மைக்கா இல்லை’ என்னும் அறிவிப்பு நுகர்வோரின் மனத்தைத் தூய்மைப்படுத்தும். கிரிடீயில் அது ஒரு பள்ளிக்கூடத்தையும் திறக்காது.

வேண்டுவன வேறு. டிப்ரா சேகரிப்பை முறைப்படுத்தி, சேகரிப்போரின் கூட்டுறவுகளுக்கு உரிமமும் குறைந்தபட்ச விலையும் தர வேண்டும். சட்டத்தின் வெளிச்சம் பட்டால்தான் பாதுகாப்பு விதிகளும் இழப்பீடும் அங்கே நுழையும். மூலப்பொருள்களின் பெயர்களைப் பெட்டியில் அச்சிடும் நிறுவனங்கள், மைக்கா இயற்கையா செயற்கையா, இயற்கையெனில் எந்த மாவட்டத்தது என்பதையும் அச்சிடக் கடமைப்பட வேண்டும். 2017இல் நிறுவனங்கள் சேர்ந்து ‘பொறுப்பான மைக்கா முன்னெடுப்பு’ என்ற அமைப்பைத் தொடங்கின. அத்தகைய தன்னார்வ முயற்சிகள் பயனுள்ளவை. ஆயினும் சட்டத்தின் இடத்தை அவை நிரப்ப முடியாது.

பேலட்டைத் தயாரித்த நிறுவனத்துக்கு இதே கேள்வியை எழுதி அனுப்பினேன். ‘பொறுப்புடன் பெறப்படுகிறது’ என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. ஒரு கடிதத்துக்கு ஒரு வரி போதும் என அவர்கள் கருதலாம். ஆயிரம் கடிதங்களுக்கு அது போதாது. இதைப் படிப்போரில் ஐஷேடோ பயன்படுத்துவோர் தங்களிடமுள்ள பெட்டியைத் திருப்பி 77019 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். இருந்தால், தயாரித்தவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தொழிலாளர் பொருளியலிலும் கனிமவியலிலும் ஆய்வுத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் இளையோருக்குக் கோடர்மாவைப் பரிந்துரைக்கிறேன். வட்டார மொழி அறிந்து, ஊரிலேயே தங்கிச் செய்யப்படும் நீண்டகால ஆய்வு ஒன்று, நம் கடிதங்கள் அனைத்துக்கும் சேர்த்து வலுச் சேர்க்கும்.